தகர்த்த பாலங்களும் தகர்க்காத சட்டமும்

ஏகாதிபத்தியத்தின்மீது குண்டெறிந்தவன் எவனாயினும் அவன் விடுதலை வீரனே என்று வாதிடும் நண்பர் நம்மிடையே உளர். பிரித்தானிய ஆட்சிக்கெதிராகப் பலஸ்தீனத்தில் யூதத் தலைமறைவு இயக்கங்கள் நடத்திய நாசவேலைகளையும் அவர்கள் அவ்வாறே போற்றுகின்றனர். இக்கூற்று ஆராயாது ஏற்கத்தக்கதன்று.

நிகழ்ந்தவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1945 நவம்பர் 1ஆம் திகதி இரவு ஹகானா, இர்குன், லெஹி ஆகிய மூன்றும் கூடிப் புகையிரதப் பாதையை நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தகர்த்தன. 1946 ஜூனில் பலஸ்தீனத்தை அயல்நாடுகளோடு இணைத்த பாலங்கள் ஒரே இரவில் வீழ்ந்தன. அவ்வாண்டு ஜூலை 22இல் ஆட்சிச் செயலகம் அமைந்திருந்த கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் வைத்த குண்டு 91 உயிர்களைப் பறித்தது. மாண்டவருள் 41 பேர் அராபியர். 17 பேர் யூதர்.

அவர்தம் சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஹிட்லரின் கொலைக்களங்களில் அறுபது இலட்சம் யூதர் மடிந்த காலத்தில், 1939ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கையைக் காட்டி அகதிகளுக்குக் கதவடைத்தது பிரித்தானியா. அக்கொடுமையை மறுப்பவன் மனிதனல்லன்.

ஆயின், ஏகாதிபத்திய எதிர்ப்பு என்பது வேறு. 1936இல் அராபியர் கிளர்ந்தெழுந்தபோது யூதப் படையினர் எங்கே நின்றனர்? 1938இல் விங்கேற் என்னும் பிரித்தானிய அதிகாரி அமைத்த இரவுப் படையில் ஹகானா வீரர் சேர்ந்தனர். ஹைபாவுக்குச் சென்ற எண்ணெய்க் குழாயைக் காத்தனர். அராபியக் கிராமங்களைத் தாக்கினர். அன்று பேரரசின் காவலனாக நின்ற இயக்கமே 1946இல் அதன் பாலங்களைத் தகர்த்தது. இடையில் மாறியது கொள்கையன்று. பேரரசினாற் கிடைத்த பயனே.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. தலைமறைவு இயக்கங்களை ஒடுக்கவெனப் பிரித்தானியர் 1945இல் பாதுகாப்பு அவசரகால விதிகளைப் பிறப்பித்தனர். விசாரணையற்ற சிறை, நாடுகடத்தல், இராணுவ நீதிமன்றம், வீடிடிப்பு யாவும் அவற்றில் அடங்கும். 1946இல் கூடிய யூதச் சட்டத்தரணிகள் அவற்றைக் கண்டித்தனர். நாஜி ஜெர்மனியிலும் இத்தகைய சட்டம் இருந்ததில்லை என்றார் அவருள் ஒருவரான யாக்கோவ் சிம்சொன் சப்பீரா. இரண்டே ஆண்டில் அவர் இஸ்ரேலின் முதற் சட்டமா அதிபரானார். விதிகளோ நிலைத்தன! 1966 வரை இஸ்ரேலின் அராபியக் குடிமக்களை இராணுவ ஆட்சியின்கீழ் வைத்திருக்க அவையே கருவியாயின. 1967க்குப் பின் மேற்குக் கரையில் வீடுகளை இடிக்கவும் அவையே உதவின.

இரும்புப் பாலத்தைத் தகர்த்த கைகள் காகிதத்தில் இருந்த சட்டத்தைக் கிழிக்கவில்லை. ஏன்? அது பிறர்மீது பாயும் வாளாகிவிட்டது.

1948 ஏப்ரல் 9இல் தெய்ர் யாசீன் கிராமத்தில் இர்குனும் லெஹியும் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றன. அக்கிராமத்தவர் பிரித்தானிய அதிகாரிகளல்லர். ஐரோப்பாவில் யூதரைக் கொன்றவருமல்லர். அப்போரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீனர் வீடிழந்தனர். இர்குன் தலைவர் மெனாகெம் பெகின் 1977இலும், லெஹியின் இற்சாக் சமீர் 1983இலும் பிரதம மந்திரியாயினர்.

யூத மக்கள்மீது நமக்குப் பகையில்லை. அப்பகை பிற்போக்கின் சொத்து. நாம் கேட்பது ஒன்றே: எசமானனை விரட்டியவன் அவனது சவுக்கை என் செய்தான்? எரித்தானா, எடுத்துக்கொண்டானா? எந்நாட்டு விடுதலை வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும், கற்கும் மாணவரும் முதலில் எழுப்பவேண்டிய வினா இதுவே.