மோட்டார் வண்டியும் மின்சார மீட்டரும்

குடும்பத்துக்கென ஒரு மோட்டார் கார் வாங்க உத்தேசிப்போர் இன்று இரண்டு கட்சிகளின் பிரசாரத்துக்கிடையே அகப்பட்டுத் தவிக்கின்றனர். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் வண்டியே சிக்கனமானது என்கிறது ஒரு கட்சி. பெட்ரோலையே தொடாத மின்சார வண்டிக்கு ஈடான சிக்கனம் ஏது என்கிறது மற்றொன்று. இவ்விவாதம் கடைத்தெருவோடு நின்றுவிடவில்லை. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச சர்க்கார் ஹைப்ரிட் வண்டிகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தபோது, அவ்வகை வண்டிகளை விற்கும் கம்பெனிகள் மகிழ்ந்தன. மின்சார வண்டிகளில் பெருமுதல் போட்டிருந்த கம்பெனிகள் ஆட்சேபித்தன. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய பிறகு, எல்லோரும் தத்தம் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

கம்பெனிகளுக்குத் தங்கள் சரக்கு விலைபோக வேண்டும் என்ற கவலை. அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் குடும்பஸ்தனுக்கு உள்ள கவலை வேறு. வண்டியை வாங்கியபின் மாதந்தோறும் அது எவ்வளவு பணத்தை விழுங்கும் என்பதே அவனுக்குத் தெரியவேண்டிய விஷயம். அந்தக் கணக்கை அவன் சார்பில் நாம் போட்டுப் பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹைப்ரிட் என்ற பெயரை மட்டும் நம்பி யாரும் ஏமாறலாகாது. எஞ்சின் கிளம்பும்போது சிறிது கைகொடுப்பதோடு ஓய்ந்துவிடும் சிறு பாட்டரியை வைத்துக்கொண்டு, ‘மைல்டு ஹைப்ரிட்’, ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று வண்டிகளுக்குப் பெயர் சூட்டுவது வியாபாரிகளின் வழக்கமாகிவிட்டது. அவ்வண்டிகள் மின்சாரத்தால் மட்டும் ஓர் அடிகூட நகர மாட்டா. நாம் பேசுவது, எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்தாலேயே சிறிது தூரம் ஓடக்கூடிய அசல் ஹைப்ரிட்டைப் பற்றியே. 1997ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா கம்பெனி வெளியிட்ட பிரியஸ் இதற்கு முன்னோடி. நமது நாட்டில் 2022ல் வந்த ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைப்ரிட் ரகங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

இவ்வண்டியிலும் மின்சாரம் வானத்திலிருந்து வந்துவிடவில்லை. அதன் பாட்டரியில் ஏறும் மின்சாரம் அனைத்தும் பெட்ரோலிலிருந்து பிறந்ததே. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்துவைத்து மறுபடி உபயோகிப்பதும், நெரிசலில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவதுமே அதன் சாமர்த்தியம். ஆகையால், நின்று நின்று போகும் நகரத் தெருக்களில்தான் அது தன் முழுத் திறமையையும் காட்டும். கிராண்ட் விட்டாரா லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் ஓடும் என்பது பரிசோதனைச் சாலையின் சான்றிதழ். நடைமுறையில் இருபதென்று கொள்வதே புத்திசாலித்தனம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் ஆகிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் வாசகர்கள் அதற்கேற்பத் திருத்திக்கொள்வது சுலபம். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கு இதே தூரம் ஆறே முக்கால் ரூபாயை எட்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு ஹைப்ரிட்டினால் வருஷத்தில் சுமார் இருபதாயிரம் ரூபாய் மிச்சம். இது அற்பமன்று, அதிகப்படியாகக் கொடுத்த விலையை மீட்கப் பல வருஷங்கள் ஓட்டவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இனி மின்சார வண்டிக்கு வருவோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. அந்த ஒரு ரூபாய் யாருடைய வீட்டு ரூபாய் என்று மட்டும் அவை சொல்வதில்லை. பாட்டரியில் ஏற்றும்போது நேரும் சேதாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குக் குடும்ப வண்டி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் ஓடும். நமது ராஜ்யத்தில் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், அதே இரண்டு மாதத்தை அளவாகக் கொள்வோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 333 யூனிட் தேவை.

இந்த 333 யூனிட்டின் விலை என்ன? சராசரி விலையைப் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் இடறி விழுகிறார்கள். நமது வீட்டு மின்சாரக் கட்டணம் படிக்கட்டு போல் ஏறுகிறது. 2024 ஜூலையில் நிர்ணயமான விகிதப்படி, இரண்டு மாதத்தில் 400 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் 6 ரூபாய் 45 காசு; 500க்கு மேல் 8 ரூபாய் 55 காசு; 600க்கு மேல் 9 ரூபாய் 65 காசு; 800க்கு மேல் 10 ரூபாய் 70 காசு; ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் 80 காசு. வீட்டில் விளக்கும் விசிறியும் அரவை யந்திரமும் கீழ்ப்படிகளை முன்னமே நிரப்பிவிடுகின்றன. கடைசியாக வந்து சேரும் மோட்டார் வண்டிக்கு மேற்படிகளே மிச்சம். ஏற்கெனவே 400 யூனிட் செலவழிக்கும் குடும்பம் வண்டியைச் சேர்த்ததும் 733 யூனிட்டை எட்டும். அதோடு, 500ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த சலுகையும் ஓரளவு பறிபோகும். எல்லாம் கூட்டினால் அதிகப்படிச் செலவு மூவாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. குளிர்சாதன யந்திரம் வைத்து 700 யூனிட் செலவழிக்கும் வீடானால் மூவாயிரத்து ஐந்நூறாகும்.

ஆக, விளம்பரத்தின் ஒரு ரூபாய் உண்மையில் ஒன்றரை ரூபாயிலிருந்து ஒன்றே முக்கால் ரூபாய் வரை வருகிறது. அப்படியிருந்தும், இதே தூரத்துக்கு ஹைப்ரிட் வண்டி பத்தாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் குடிக்கிறது. இரண்டு மாதத்தில் ஏழாயிரம், வருஷத்தில் 42,000 ரூபாய் மின்சார வண்டிக்காரனுக்கு மிச்சம். வாகனக் கடனின் தவணைகள் சிலவற்றை இத்தொகை அடைத்துவிடும். வீட்டு வாசலில் தன் மீட்டரிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளக்கூடியவனைப் பொறுத்தவரை வழக்கு இத்துடன் தீர்ந்தது எனலாம்.

சொந்த மாடி உள்ளவனுக்கோ இன்னும் யோகம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த சூரிய வீடு திட்டத்தின்படி மூன்று கிலோவாட் தகடு அமைப்போருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அத்தகடு நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட்டைச் சுமாராகக் கொடுக்கும். வண்டிக்கு வேண்டியதைப்போல் அது இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனால் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் என்ன செய்வான்? வாடகை வீட்டில், தெருவோரம் வண்டியை நிறுத்துபவன் என்ன செய்வான்? மீட்டர் ஒரு மூலையில், வண்டி நிறுத்துமிடம் வேறொரு மூலையில். நடுவே ஒரு கம்பி இழுக்க வேண்டுமானால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். தீப்பிடிக்குமென்று ஒருவர் அஞ்சுவார். எல்லோரும் கேட்டால் கட்டடம் தாங்குமா என்று மற்றொருவர் வினவுவார். வாடகைக்காரனிடம் வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விகிதம் வைத்து வசூலிப்பதும் யாரும் அறியாத சங்கதியன்று. இவர்களுக்கெல்லாம் மிஞ்சுவது பொதுச் சார்ஜிங் நிலையம். அங்கே விரைவாக ஏற்றிக்கொள்ள யூனிட்டுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து ரூபாய் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு ரூபாய் வீதம் 333 யூனிட்டுக்கு 7,300 ரூபாய்க்கு மேல் ஆகும். ஹைப்ரிட்டைவிட வருஷத்துக்குப் பதினாறாயிரம் ரூபாய்தான் மிச்சம். அதற்காக வாரந்தோறும் நிலையத்தின் வாசலில் காத்துக் கிடக்கவும் வேண்டும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றை எதிர்க்கும் சிரமத்தினால் யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கிடைக்கும். அங்கே இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஏற்றினால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். ஹைப்ரிட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. வெளியூர்ப் பிரயாணமே தொழிலாகக் கொண்டவன் ஹைப்ரிட்டை நாடினால் அவனைப் பழமைவாதி என்று பரிகசிப்பது அறியாமை.

இதர செலவுகளை நீட்டவேண்டியதில்லை. மின்சார வண்டிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவு இல்லை. பளு அதிகமாகையால் டயர் சற்று விரைவில் தேயும். மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸில் மின்சார வண்டிக்குப் பதினைந்து சதவிகிதமும் ஹைப்ரிட்டுக்கு ஏழரை சதவிகிதமும் தள்ளுபடி என்று 2022ல் விதித்தார்கள். எனினும் பாட்டரியின் விலை காரணமாகச் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் மின்சார வண்டிக்கே கூடுதல். விற்கும் வேளையில்தான் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைத் தாங்கும் பாட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை 2010ல் ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2024ல் 115 டாலருக்கு இறங்கிவிட்டது. புதியது மலிய மலியப் பழையதைக் கேட்பார் குறைவர். மூன்று நான்கு வருஷத்தில் வண்டியை மாற்றும் பழக்கமுள்ளவர்கள், பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை இந்த வழியில் இழந்துவிடக்கூடும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. ஐந்து சதவிகிதம். பெரிய ஹைப்ரிட்டுக்கு மேல்வரியையும் சேர்த்து நாற்பத்துமூன்றாக இருந்தது, 2025 செப்டம்பரில் நாற்பதாயிற்று. 1,200 சி.சி.க்கும் நான்கு மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் ஹைப்ரிட்டுக்குப் பதினெட்டு. இவ்வளவு ஏற்றத்தாழ்வு நியாயமா என்று ஹைப்ரிட் கட்சியார் கேட்கிறார்கள். நமது நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. மின்சாரமோ பெரும்பகுதி உள்நாட்டு நிலக்கரியிலிருந்தும், காற்றிலிருந்தும், வெயிலிலிருந்தும் கிடைக்கிறது. ஆகவே மின்சார வண்டிக்குச் சலுகை காட்டுவதில் தேச நன்மை உண்டு என்பதே நமது அபிப்பிராயம். இதைச் சுதேசிய வெற்றி என்று கொண்டாடுவது மட்டும் இப்போதைக்கு அவசரம். பாட்டரியின் செல்களுக்குப் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் அந்நாடு அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் நமது மோட்டார்த் தொழிற்சாலைகள் கலங்கியதை அனைவரும் கண்டோம்.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொரு விஷயம். பொதுப் பணத்திலிருந்து போகும் இச்சலுகைகளின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? சொந்த வீடும், சொந்த மாடியும், சொந்த வாசலும் உள்ளவனுக்கு வருஷம் 42,000 ரூபாய் மிச்சம். அதே வண்டியை அதே விலைக்கு வாங்கும் வாடகைக்காரனுக்குப் பதினாறாயிரம். வண்டியில் வேற்றுமை இல்லை, ஓட்டும் தூரத்தில் வேற்றுமை இல்லை. மீட்டர் இருக்கும் இடம் ஒன்றே வேற்றுமை. இதைச் சர்க்கார் நினைத்தால் மாற்ற முடியும். மின்சார வண்டிக்கென்று தனி இணைப்புக் கேட்கும் உரிமையை மத்திய சர்க்காரின் விதிகள் 2024 பிப்ரவரியிலேயே அளித்துவிட்டன. டில்லியில் 2021ஆம் வருஷக் கட்டண உத்தரவு வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்துக்குப் படிக்கட்டு ஏதுமின்றி யூனிட் 4 ரூபாய் 50 காசு என்று ஒரே விகிதம் வைத்தது. நமது மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் வீட்டு வண்டிக்கு அத்தகைய ஒரே விகிதத்தை நிர்ணயிக்கட்டும். அடுக்குமாடியில் தகுந்த காப்புடன் கம்பி இழுக்க விரும்புகிறவனுக்குச் சங்கங்கள் காரணமின்றித் தடைசொல்ல இயலாதபடி விதி வகுக்கட்டும்.

2024 செப்டம்பரில் மத்திய மின்சார மந்திரிகாரியாலயம் வெளியிட்ட வழிகாட்டுதல், காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை பொது நிலையங்களுக்குக் கொடுக்கும் மின்சாரத்தை மலிவாக்கச் சொல்கிறது. வெயிலில் விளையும் மின்சாரம் அப்போது மிகுந்திருப்பதே காரணம். அந்த ஏழு மணி நேரமும் மத்தியதர வகுப்பினரின் வண்டிகள் காரியாலய வாசல்களில் சும்மா நிற்கின்றன. கோட்டையிலும், கலெக்டர் கச்சேரிகளிலும், சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், கல்லூரிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களில் மின்சார இணைப்புகளை முதலில் அமைத்து, அங்கே வேலை செய்வோரும் வந்துபோவோரும் அந்த மலிவு விகிதத்திலேயே ஏற்றிக்கொள்ள ராஜ்ய சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும்.