அந்தப் பாட்டிலில் பெயர் எழுதுங்கள்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் பேஸ்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தோடு அடிப்பாகத்தை ஒட்டும் பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். வரும்போது பெரிய டின்னில் ஆங்கிலப் பொடி எழுத்தோடு வரும். அங்கிருந்து சின்ன டப்பாவுக்கு மாறும். அதை இளக்கும் தின்னர், காலி தண்ணீர் பாட்டிலில் மேசைக்கு மேசை போகும். அந்த டப்பாவிலும் பாட்டிலிலும் ஓர் எழுத்துகூட இருக்காது. உள்ளே இருப்பதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றில் பலவற்றில் இருப்பது ஹெக்சேன். பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் நிறமற்ற திரவம். கொதிநிலை 69 டிகிரிதான் என்பதால் திறந்து வைத்தாலே ஆவியாகும். பசை சட்டென்று காய்வது அதனால்தான். தவிட்டெண்ணெய் ஆலைகளுக்கும் இது வேண்டும். வேலைக்கு நல்ல கரைப்பான், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் சுவாசித்தால் உடம்புக்குள் வேறு பொருளாக மாறி நரம்பை அரிக்கும். முதலில் கால்விரல் மரக்கும். பிறகு நடக்கையில் செருப்பு கழன்றதே தெரியாது. படியேற முழங்காலில் வலு இருக்காது. 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டியவர்களுக்கு இது வந்தது. 2009-ல் சீனாவின் சூசோவில், சீக்கிரம் காய்கிறதென்று ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்சேனால் தொடுதிரை துடைத்த தொழிலாளர்களுக்கும் வந்தது.

எங்கள் பக்கம் கால் மரத்தால் முதலில் சுகர் டெஸ்ட்தான். இல்லையென்று வந்தால் சத்து மாத்திரை. என்ன வேலை என்று டாக்டர் கேட்டாலும், "சொல்யூஷன் போடறேன் சார்" என்பதற்குமேல் பசை போடும் பெண்ணுக்குச் சொல்லத் தெரியாது. பெயர் தெரிந்தால் டாக்டருக்குப் பிடி கிடைக்கும். ஆரம்பத்திலேயே அந்த வேலையிலிருந்து விலக்கினால் நரம்பு மெல்லத் தேறும். விலகிய பிறகும் சில காலம் மோசமாகிவிட்டுத்தான் தேறும் என்பதால் தாமதிக்கவே கூடாது.

ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து தூரத்திலுள்ள ஹீட்டரில்கூடத் தீப்பிடிக்கும். சீலிங் ஃபேன் போதாது. மேசை மட்டத்திலேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வேண்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. தண்ணீரில் கரையும் பசைக்கு மாறலாம், செலவு ஆகும். பெயர் எழுத ஒரு மார்க்கர் பேனா போதும்.

பெயரைச் சொன்னால் பயந்துபோய் வேலைக்கு வரமாட்டார்கள் என்று ஒரு முதலாளி என்னிடம் வாதாடினார். நான் என் வரிசையில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஒருவரும் வேலையை விட்டு நிற்கவில்லை. டப்பா மூடியை மூடி வைக்கிறார்கள்.