ஊர்ப் பொதுவில்லம்

மாந்தர் கூடி அளவளாவுதற்கு ஓரிடம் இன்றேல், ஊர் வீடுகளின் தொகுதியேயன்றி ஊராகாது. ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் அவ்விடம் ‘பப்’ எனப்படும் மதுச்சாலையாம். அதன் முழுப்பெயருக்குப் ‘பொதுவில்லம்’ என்பதே பொருள்.

பெர்க்‌ஷயரைச் சார்ந்த ஆல்டுவர்த்து என்னும் சிற்றூரில் ‘பெல் இன்’ என்னும் சாலையை ஒரே குடும்பத்தார் 250 ஆண்டுகளுக்கு மேலாக வழிவழி நடத்தி வந்துள்ளனர். பழமுறை மதுவைப் போற்றும் சங்கத்தார் 1990-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் அதனை நாட்டிற் சிறந்ததாகத் தெரிந்தெடுத்தனர். இத்தகைய சாலைகளில் நடத்துவோர் ஊராரைப் பெயர் சொல்லி அழைப்பர். வழிப்போக்கரும் கணப்பருகே அமர்ந்து உண்டு இளைப்பாறுவர். பெண்டிரும், பெரியோருடன் வரும் சிறாரும் உடனிருப்பர். ஒரு சாலை மூடப்படுதல் ஊருக்கே இழப்பாதலின், விற்பனைக்கு வருவதனை ஊராரே வாங்க முயலுதற்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டம் தவணை அளிக்கின்றது.

அங்ஙனமாயின் எங்கள் மானாம்பதிக்கும் மதுச்சாலை வேண்டுமோ என்பார் உளராயின், வேண்டா என்பதே என் விடை. தமிழ்நாட்டிற் கள் 1987-ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் கழகத்திற்கே உரியதாயிற்று. அக்கடையில் விற்போர்க்கும் கொள்வோர்க்கும் உறவென்பதில்லை. மதுவால் அடுப்பவிந்த இல்லங்களோ பல.

நமக்குரிய பொதுவில்லம் தேநீர்க்கடையே. கணவர் தேநீர் ஆற்ற, மனைவியார் வடை சுட, மகன் குவளை கழுவ, ஒரு குடும்பமே அதனை நடத்தும். நெல்லின் விலையும், ஏரியின் நீர்நிலையும், நோயுற்றார் நலமும் அங்கேதான் பேசப்படுகின்றன.

எனினும் அது மெய்யாகவே பொதுவோ? தமிழ்நாட்டுச் சிற்றூர் சிலவற்றிற் குலத்திற்கொரு குவளை வைத்த இழிவழக்கு இருந்ததை யாவரும் அறிவர். பெண்டிரோ இன்றும் பாத்திரத்தில் தேநீர் வாங்கி மீள்வரேயன்றிப் பலகையில் அமர்ந்து பருகுதல் அரிது. அண்மையிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையைப் பெருமையுடன் பேசுகின்றோம். நிலமும் மனையும் உடையாரே ஆண்டு வாரியத்திற்கு உரியர் என்பதையும் அக்கல்லே உரைக்கின்றது. பொதுவென்னும் பெயர் மட்டும் ஓரிடத்தைப் பொதுவாக்கிவிடாது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! ஆங்கிலச் சாலையினின்று நாம் கொள்ளத்தக்கது மதுவன்று. யாவர்க்கும் இடமளிக்கும் இருக்கையே. இம்முறை அன்னையையும் தமக்கையையும் அழைத்துச் சென்று, தேநீர்க்கடைப் பலகையில் உடனமர்ந்து பருகுங்கள். கடைக்காரர் மறுக்கமாட்டார், ஊரும் நாளடைவிற் பழகிக்கொள்ளும்.