சிரிப்புக்கும் உண்டோர் எல்லை

 

"அல்லாஹு அக்பர்" என்னும் தக்பீரைத் தன் பெயரிலேயே தாங்கிய கிரிக்கெட் அணியொன்று இங்கிலாந்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா? அதை அமைத்தவர் முஸ்லிம் அல்லர். "பீட்டர் பான்" கதையைப் படைத்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜே. எம். பேரி.

எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய அந்தப் பொழுதுபோக்கு அணி, 1913 வரை ஆடி வந்தது. பலருக்கு ஆட்டமே சரிவரத் தெரியாது. தோல்வி உறுதி என்று கண்ட பேரி, "இறைவா, காப்பாற்று" என்பதற்கு அரபியில் என்ன சொல்வது என்று ஆப்பிரிக்கப் பயணம் சென்று வந்த நண்பர்களிடம் வினவினாராம். "அல்லாஹு அக்பர்" என்று விடை வந்தது. அதன் வாலில் தம் பெயரை ஒட்டி, "அல்லாஹக்பரீஸ்" என்று அணிக்குப் பெயர் சூட்டிவிட்டார்! "அல்லாஹ் மிகப் பெரியவன்" என்பதே அதன் பொருள் என்று நம் மக்தபில் ஓதும் குழந்தையும் சொல்லுமே! இது அறியாமையே அன்றி ஏளனம் அன்று. ஆதலால் சிரித்துவிட்டு மேலே செல்வோம்.

தம் அணியினரைக் கேலி செய்து பேரி எழுதிய சிறு நூல் அச்சாகி நண்பர்களிடையே உலவியது. 1950-இல் வந்த மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் டான் பிராட்மன்! ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலும் அவ்வணியில் ஆடியவர். எதிரே நிற்பவரின் காலணியில் ஒட்டிய சேற்றைக் கண்டே அவர் பலவீனத்தை டாயில் கண்டுபிடித்துவிடுவாராம். ஆட்டத்திற்கு முன் எதிரணியின் கண்ணெதிரே பயிற்சி செய்யலாகாது என்பது பேரியின் கட்டளை. கண்டால் அவர்களுக்குத் துணிவு பிறந்துவிடுமே! ஆயினும் மிகக் கூரிய கேலியை அவர் தமக்கே வைத்துக்கொண்டார். தாம் வீசிய பந்து மறுமுனை சேரும்வரை புல்தரையில் அமர்ந்து காத்திருப்பாராம், அத்துணை வேகம்!

இதைப் படித்தபோது என் கல்லூரி விடுதி நினைவுக்கு வந்தது. அங்கே கையெழுத்து ஏடொன்றில் நானும் எங்கள் அணியினரைக் கேலி செய்து எழுதினேன். எங்கள் வேகப்பந்து வீச்சாளருக்குத் திக்குவாய். "இவர் 'அவுட்' கேட்டு முடிப்பதற்குள் அடுத்த ஓவர் தொடங்கிவிடும்" என்று எழுதினேன். விடுதியே சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் பந்து காலில் பட்டது. நடுவரை நோக்கி அவர் குரலே எழுப்பவில்லை. அதன்பின் ஆட வரவும் இல்லை.

பல்லாண்டு கழித்து ஒரு நிக்காஹ் விருந்தில் அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "பொய்யையா எழுதினாய்? உள்ளதைத்தானே எழுதினாய்!" என்று சொல்லி, என் தட்டில் இறைச்சித் துண்டொன்றை எடுத்து வைத்தார். அந்தக் கவளம் தொண்டையில் இறங்கவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களும் நகைச்சுவையாகப் பேசியதுண்டு. சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அதில் உண்மை இருந்தது. எவர் மனமும் நோகவில்லை. என் கேலியிலும் உண்மை இருந்தது. ஆனால் அது ஒரு தோழரின் வாயை அடைத்தது. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப் பெயரிடுவதையும் திருமறையின் 49-ஆம் அத்தியாயம், 11-ஆம் வசனம் தடுப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

தவறவிட்ட பந்தைக் கேலி செய்யலாம். நாளை அவர் பிடித்துவிடுவார். படைத்தவன் அளித்த நாவைக் கேலி செய்ய நாம் யார்? தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறைஞ்சிய வசனத்தை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம், அத்தோழரின் முகம் என் கண்முன் நிற்கிறது.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.