பேட் சத்தத்தைக் குறைங்க, தம்பி

22 வருஷமாக வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறேன். நான் அடிப்பது எனக்கே கேட்காமல் போனது இந்தச் சித்திரையில் நடந்த கோயில் கொடை விழாவில்தான். மட்டை குடத்தின் வாயில் விழுகிறது, குடம் அதிர்வது தொடையில் தெரிகிறது, காதுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் வைத்திருந்த எலக்ட்ரானிக் ரிதம் பேட் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

வில்லை டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது. பனை வைரத்தில் செய்த வில், தோல் நாண், வரிசையாகத் தொங்கும் மணிகள். வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கதை பாடும் புலவர் வீசுகோலால் நாணைத் தட்டினால் மணி மேலே கலகலக்கும். நான் குடத்தின் வாயை மட்டையால் அடித்தால் அடியில் 'தும்' என்று இறங்கும். மறுகையில் இருக்கும் காசு குடத்தின் வயிற்றில் தாளத்தைப் பொடிப்பொடியாகச் சொல்லும். மணி மேலே, குடம் கீழே. நடுவில் இருக்கிற இடம் முழுக்கப் புலவரின் குரலுக்கு. உடுக்கைக்காரர்கூட, புலவர் வாயைத் திறந்ததும் கையைத் தளர்த்திவிடுவார். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கதை தெரிந்த கை அது.

அந்த நடு இடத்தில்தான் இப்போது பேட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சத்தமான வாத்தியத்தோடு எங்களுக்குப் பகை கிடையாது. அதே கொடையில் நையாண்டி மேளம் வரும். நாகஸ்வரம், தவில், பம்பை எல்லாம் சேர்ந்தால் ஊரே அதிரும். கணியான் கூத்து இருந்தால் அதன் தோல்வாத்தியமான மகுடம் பேசும். ஆனால் வில் பாடும்போது மேளம் வாய் மூடியிருக்கும். சாமி வந்துவிட்டால் நாங்கள் வீசுகோலைக் கீழே வைத்துவிடுவோம், மேளம் எடுத்துக்கொள்ளும். யார் எப்போது முழங்குவது என்பதில் ஒரு முறை இருந்தது. பேட் எங்கள் மேடையிலேயே, எங்கள் கூடவே, இரவு முழுக்க முழங்குகிறது.

மைக்செட்காரரிடம் குடத்துக்கு ஒரு மைக் கேட்டேன். "அது தன்னால கேக்கும் அண்ணாச்சி" என்றார். எப்படிக் கேட்கும்? பேட் சத்தம் வயர் வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறது. குடமோ காற்றில் நடந்து, புலவரின் மைக்கில் ஒட்டிக்கொண்டு போனால் உண்டு. புலவருக்குக் குரல் போதவில்லை என்று மைக்கை ஏற்றினால், எங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த ஸ்பீக்கர் பாக்ஸ் கூவுகிறது. உடனே மைக்கைத்தான் இறக்குகிறார்கள். பேட் கூவாது, அதனால் அதை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் இறங்குவது மனுஷக் குரலும் மண்குடமும்தான். புலவர் கத்திக் கத்திப் பாடி, நடுச்சாமத்துக்குள் தொண்டை கட்டிப்போகிறது. விடியும் வரைக்கும் கதை பாக்கி இருக்கிறது.

பேட் வாசிக்கிற பையன் நல்ல பையன், கை சுத்தம். புதுசு எது வந்தாலும் வேண்டாம் என்கிற ஆளும் நான் இல்லை. ஆர்மோனியம் வந்தது, தபேலா வந்தது, சேர்த்துக்கொண்டோம். சுப்பு ஆறுமுகம் ஐயா கோயில் கதையோடு நிற்காமல் காந்தி கதையையும் வில்லில் பாடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது என் வீட்டுக்கே வந்த மாதிரி இருந்தது. அவர் எத்தனையோ புதுசைக் கொண்டுவந்தார், ஒரு சொல்லும் சனங்களுக்குக் கேட்காமல் போகவில்லை.

இந்தச் சித்திரைக் கொடையில் பாடியது சுடலைமாடன் கதை. பார்வதி விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்துகிற இடம். அங்கே புலவர் குரலைத் தாழ்த்துவார், நான் மட்டையை நிறுத்திவிட்டுக் காசை மட்டும் மெல்லத் தட்டுவேன். அந்தச் சுடரில் சாமி பிள்ளையாகப் பிறந்தது என்ற சொல் விழுந்ததும் பெண்கள் குலவை போடுவார்கள். எத்தனை கொடையில் கேட்டாலும் அந்தக் குலவைக்கு எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றைக்குப் பையன் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. புலவரின் உதடு அசைந்தது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. குலவை விழவே இல்லை. கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

காலையில் குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஆச்சி பக்கத்தில் வந்தாள். "ஏ தம்பி, சாமி எப்பம் பொறந்துச்சு? கொலவ போடணும்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விழாக் கமிட்டிக்காரர்களே, பாக்ஸை எங்களுக்கு முன்னால் தள்ளி வையுங்கள். குடத்துக்கும் மைக் வேண்டும். அதன் வாய்க்கு நேரே வேண்டாம், காற்று மோதும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் ஒரு மைக் கொடுங்கள். தம்பி, புலவர் வசனம் சொல்லும்போது உன் கையை எடுத்துவிடு. பாட்டு ஏறும்போது நீயும் ஏறு, தாராளமாக ஏறு. ஆடிக் கொடைக்கு அதே ஊர், அதே கதை. அந்த ஆச்சி சாயங்காலமே பாய் விரித்து முன்னால் இடம் பிடித்துவிடுவாள்.