அடங்கலில் அவள் பெயர் இல்லை

2024 ஜூலையில் நிதி ஆயோக், நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எந்த மாநிலம் எங்கே நிற்கிறது என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. கேரளத்துக்கும் உத்தராகண்டுக்கும் 79 புள்ளிகள். தமிழ்நாட்டுக்கு 78. கொஞ்ச நாளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இது பற்றிக் கருத்தரங்கு. வாசலில் மாணவிகள் பதினேழு வண்ணங்களில் பெரிய சக்கரக் கோலம் போட்டிருந்தார்கள். பேச அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எல்லோரும் பெருமைப்பட்டோம். நானும் பெருமைப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

அன்று மாலை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம மாநிலம் எழுபத்தெட்டு மார்க் வாங்கியிருக்கும்மா."

"நூத்துக்கா?"

"ஆமா."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"வறுமை, பசி, படிப்பு, தண்ணி, பொம்பளைங்களுக்குச் சமத்துவம்... எல்லாத்துக்கும் சேர்த்து."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள யாரும் வந்து கேக்கலையே" என்றாள்.

அவளைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னேன். பிறகு அந்த இலக்குகளையும் அவற்றை அளக்கும் முறைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அந்த முறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மா நடவுக்காரி. பன்னிரண்டு வயதில் அம்மாயியோடு சேற்றில் இறங்கியவள். குறுவை, சம்பா, தாளடி என்று நாற்பத்தைந்து வருடம் குனிந்தே நடந்திருக்கிறாள். நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அவள் கை வழியாகப் போனவை. மழைக்காலத்தில் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் போவாள். ஆனால் அவளை ஒருவரும் விவசாயி என்று சொன்னதில்லை. வரப்பில் குடையோடு நிற்பவர் விவசாயி. சேற்றில் நிற்பவள் ஆள். "நாளைக்கு எத்தன ஆளு வருது?" என்றுதான் கேட்பார்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் புல எண்ணில், யார் பெயரில், என்ன பயிர் என்று அதில் இருக்கும். வெள்ளம் வந்து பயிர் அழுகினால் நிவாரணம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும். 2019 முதல் ஒன்றிய அரசு கொடுக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் சாகுபடி நின்றுபோன வருடங்களில் பட்டாதாரருக்கு ஒரு பயிர் போனது; அம்மாவுக்கு ஒரு வருடச் சோறு போனது. அவளுடைய நட்டத்தை எழுத எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம்கூட இல்லை.

இனி இலக்குகளுக்கு வருவோம். 2015 செப்டம்பரில் ஐ.நா. சபையில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்டவை இவை. 17 இலக்குகள், அவற்றுக்குக் கீழே 169 குறியிலக்குகள், 2030-க்குள் முடிக்க வேண்டும். ஐந்தாம் இலக்கு பாலினச் சமத்துவம். அதில் பெண்களுக்கு நிலவுரிமை வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்து, அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தேன். 'விவசாய மக்கள்தொகையில்' நிலத்தின் மீது உரிமை உள்ளவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது அளவுகோல். விவசாய மக்கள்தொகை என்றால் யார்? நிலத்தில் சாகுபடி செய்யும், அல்லது கால்நடை வளர்க்கும் குடும்பங்களில் உள்ளவர்கள். கூலி வேலை மூலமாக மட்டுமே விவசாயத்தில் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கில் சேராது.

திரும்பவும் படியுங்கள். நிலமே இல்லாதவளை, நிலம் யாருக்கு இல்லை என்று எண்ணும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கணக்கும் இதற்குக் குறைந்ததில்லை. நிதி ஆயோக் தன் குறியீட்டில் பெண்களின் நிலவுரிமைக்குப் பயன்படுத்தியது வேளாண் கணக்கெடுப்பு. அதன்படி 2015-16-ல் நாட்டின் சாகுபடி நிலவுடைமைகளில் 13.87 சதவீதம்தான் பெண்கள் பெயரில் இருந்தன. ஐந்தாண்டுக்கு முன் 12.79. இதை முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்த நூறு சதவீதத்துக்குள் அம்மா இல்லவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. கூலிகள்தான் அதிகம். அவர்களில் பெண்கள் மட்டும் 6 கோடிக்கு மேல். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கு உரிய காலத்தில் எடுக்கப்படவே இல்லை. ஆறு கோடிப் பெண்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பட்டா என்று கேட்டால் எந்த நாடும் முன்னேறித்தான் தெரியும்.

அடுத்து கூலி. எங்கள் ஊரில் ஆண் வாங்கும் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பெண்ணுக்கு. உலக அளவிலேயே விவசாயக் கூலி வேலையில் ஆண் ஒரு டாலர் வாங்கும்போது பெண் 82 சென்ட் வாங்குகிறாள் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2023-ல் சொன்னது. எங்கள் வரப்பில் நிலைமை அதைவிடக் கீழே. இதைச் சொன்னால் மாணவிகள் உடனே கேட்பார்கள்: "சம ஊதியச் சட்டம் இருக்கே, மேடம்?" இருக்கிறது. முதலில் 1976-ல் வந்தது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்றது அது. 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே சொற்களைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் தஞ்சை வயலில் ஒரே வேலை எங்கே இருக்கிறது? ஏர், டிராக்டர், வரப்பு வெட்டு, மூட்டை தூக்குவது ஆணுக்கு. நாற்று, நடவு, களை பெண்ணுக்கு. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. சட்டம் வரப்போடு நின்றுவிடும்.

எட்டாம் இலக்கு ஒரு நல்ல சொல்லைச் சொல்கிறது: சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951-லேயே இதைச் சொல்லிவிட்டது. இந்தியா 1958-ல் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டது. ஓர் ஏக்கர் நடவுக்கும் ஓர் ஏக்கர் உழவுக்கும் மதிப்பு ஒன்றுதான் என்று ஓர் அரசு ஆணை போட இத்தனை வருடம் போதவில்லையா?

அந்த ஆணை வருவதற்குள் வேலையே போய்விடும் போலிருக்கிறது. அறுப்பு ஏற்கெனவே போய்விட்டது. பெல்ட் மிஷின் இறங்கினால் ஒரு பொழுதில் ஊர் வயல் முடிந்துவிடுகிறது. இப்போது நடவுக்கும் மிஷின், இல்லாவிட்டால் நேரடி விதைப்பு. 2024 குறுவைக்குத் தமிழ்நாடு அரசு 78.67 கோடி ரூபாய்க்குச் சிறப்புத் தொகுப்பு அறிவித்தது. அதில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம். பட்டாதாரருக்கு அது உதவிதான். செலவு ஏறிக்கிடக்கும் காலத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏக்கரில் நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தத் தொகுப்பில் என்ன இருந்தது?

இதற்குப் பருவநிலை என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. ஆகவே சேறடிக்காமல் நேரடியாக விதைத்தால் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு என்கிறார்கள். அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நேரடி விதைப்பில் நடவு இல்லை. களை கட்டுமீறி வருவதால் கைக்களைக்குப் பதிலாகக் களைக்கொல்லி வருகிறது. அதை அடிக்கும் ஸ்பிரேயர் ஆணின் தோளில். பதின்மூன்றாம் இலக்குக்கு ஒரு மார்க் கூடுகிறது. எட்டாம் இலக்கில் அம்மாவுக்குக் குறைந்தது யார் கணக்கிலும் வருவதில்லை, ஏனென்றால் அவள் அங்கே எழுதப்படவே இல்லை. உலகம் சூடானதற்குக் காரணம் அம்மாவின் நாற்றுமுடியா? அதற்கான விலையை மட்டும் அவள் ஏன் முதலில் கொடுக்க வேண்டும்?

"அப்படியென்றால் பெண்கள் காலமெல்லாம் குனிந்தே இருக்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அம்மாவே சொல்வாள்: "என் முதுகு போனது போதும்டி, உனக்கு வேணாம்." மிஷின் வரட்டும். அது யாருக்குச் சொந்தம் என்பதுதான் என் கேள்வி. நாற்பது வருடம் நட்ட பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நடவு மிஷின் வாங்கி ஓட்டினால் என்ன? மானியத்துக்குப் போனால் முதல் காகிதமாகச் சிட்டா கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அந்தக் காகிதத்தில்தான் வந்து முட்டுகிறோம்.

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது முக்கியமானது. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அந்த உழைப்பு உழைப்புதான் என்று ஓர் அரசு வாய்விட்டுச் சொன்னதை நான் மதிக்கிறேன். அம்மாவின் மாத்திரைச் செலவு அதில்தான் ஓடுகிறது. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் நிலத்துக்கு ஈடாகாது. அரசு மாறினால் தொகை நிற்கலாம், பட்டா நிற்காது.

நிலத்தைப் பேசினால் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடக் கேட்ட கூலிச் சண்டை அது. மேல்முறையீட்டில் பண்ணையார்கள் விடுதலையானார்கள். பெண்ணியக் கூட்டங்களில் சமத்துவம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். டெல்டாவில் அந்தச் சொல்லுக்கு அரைப்படி நெல் என்று ஒரு பொருள் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சாம்பலுக்குப் பிறகு அங்கே வந்து வேலை செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1981-ல் அவரும் கணவரும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, பண்ணை நிலங்களைப் பேசி வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தது. ஏறத்தாழ 13,000 ஏக்கர். பத்திரம் பெண்கள் பெயரில். ஐ.நா. இலக்குகள் எழுதப்படுவதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே நாகப்பட்டினம் பக்கம் இது நடக்கத் தொடங்கிவிட்டது. முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நிலம் உள்ள வீட்டுப் பெண்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டோம். சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. நாடு முழுக்க 2005-ல். என்னோடு படித்த தோழி ஒருத்தி, தன் பங்கு ஒன்றரை ஏக்கரை அண்ணன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "அப்புறம் பொறந்த வீட்டு வாசல்ல எப்படிடி போய் நிக்கிறது?" என்றாள். அந்தப் பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். அவளுக்கு அதில் என்ன விடுதலை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. விவசாயி என்பவர் யார் என்பதை முதலில் மாற்றுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். 2007 தேசிய விவசாயிகள் கொள்கையே விவசாயக் கூலிகளையும் விவசாயி என்றுதான் சொல்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண் விவசாயிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று 2012-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது காலாவதியானது. அதைத் தமிழ்நாடு தன் சட்டமாக்கட்டும். இயந்திர மானியத்தில் நடவுப் பெண்களின் குழுக்களுக்குச் சிட்டா இல்லாமலே முதல் உரிமை கொடுக்கட்டும். நிவாரணம் அறிவிக்கும்போது பயிரை இழந்தவரோடு வேலையை இழந்தவளையும் எழுதட்டும். அரசு கொடுக்கும் நிலம் எதுவானாலும் பெண் பெயரில், முதலில் நிலமற்ற தலித் பெண்ணின் பெயரில் போகட்டும்.

2024-ல் ஐ.நா.வே தன் அறிக்கையில் குறியிலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருப்பதாக ஒப்புக்கொண்டது. 2030-ம் வந்து போகும். அப்போது புதிய சக்கரம் ஒன்று செய்வார்கள், கல்லூரி வாசலில் நீங்கள் அதற்கும் கோலம் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். அடங்கலில் எத்தனை பெயர்கள், அவற்றில் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அப்படியே வயல் பக்கம் போய், சேற்றில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு வந்து, அடுத்த கருத்தரங்கில் மார்க் வாசிப்பவரிடம் கொடுங்கள்.

எங்கள் ஊருக்கு நான் எண்ணிவிட்டேன். சேற்றில் அன்று பதினாறு பேர் நின்றார்கள், அம்மாவோடு சேர்த்து. அடங்கலில் அந்தப் பதினாறு பேரில் ஒருத்தி பெயரும் இல்லை.