நிறத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும்

பாலிங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தடியில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: முகமும் வெள்ளைச் சட்டையும் பச்சை படர்ந்து வரும். இலைகள் ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் அதிகம் கீழே விடுகின்றன. நம் மூளை அதைக் கழித்துவிட்டு வெள்ளையை வெள்ளையாகவே காட்டுகிறது. கேமராவில் அந்தக் கழித்தலைச் செய்வதுதான் வெள்ளைச் சமநிலை, அதாவது 'ஒயிட் பேலன்ஸ்'.

மாணவர்களே, நம்மில் பலர் இதைக் கைப்பேசியின் 'ஆட்டோ'விடம் விட்டுவிடுகிறோம். பொங்கல் படத்துக்கு அது போதும். அறிவியல் அறிக்கைக்குப் போதாது என்பது என் கருத்து. காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்று வைத்துக்கொள்வதே தானியங்கி முறைகளில் மிக எளியது. படம் முழுக்க இலையாக இருந்தால் இந்தக் கணக்கு பிசகும். இலையின் உண்மையான பச்சையையும் குறைத்துவிடும். வீட்டு மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த பி.எச். தாளின் படத்திலோ 7-க்குரிய பச்சை, 6-க்குரிய மஞ்சளோடிய பச்சையாகத் தோன்றலாம். பிறகு முடிவுரையில் என்ன எழுதுவீர்கள்?

கேமராவில் கெல்வின் எண்ணை நாமே வைக்கலாம். குண்டு பல்புக்கு ஏறக்குறைய 2,700, நண்பகல் வெயிலுக்கு 5,500, திறந்தவெளி நிழலுக்கு 7,000 அல்லது அதற்கும் மேல். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும். ஒளி நீலமாக இருக்கிறது, ஈடுகட்டு என்று கேமராவிடம் சொல்கிறோம் அல்லவா, அதனால்தான். ஆனால் கெல்வின் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் நகரும். பால்மரத்தடிப் பச்சைக்கு அது மட்டும் உதவாது. மெஜந்தாவையும் கூட்ட வேண்டும்.

நிறம் தவறினால் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைக் கைப்பேசியால் மதிப்பிட, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் 'பிலிகேம்' என்ற செயலியை அறிமுகப்படுத்தினார்கள். குழந்தையின் வயிற்றின்மீது நிற அட்டை ஒன்றை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். மஞ்சள், விளக்கினுடையதா தோலினுடையதா என்பதை அந்த அட்டைதான் பிரித்துக் காட்டுகிறது.

பிறகு மென்பொருளில் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்தலாம், எவ்வளவு திருத்துவது? வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த பொருள் படத்தில் இல்லையென்றால், கண்ணுக்கு அழகாகும்வரை திருத்திக்கொண்டிருப்போம். ஆகவே சோதனைப் பொருளின் அருகில், அதே ஒளி விழும்படி, ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். மங்கிலுள்ள பாலும் வெள்ளைதானே என்று அதை நம்பவேண்டாம். சில மரங்களின் பால் மஞ்சளோடியது. தாளிலும் பளிச்சிடும் வகை வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் வெண்மையூட்டி, வெயிலில் சற்று நீலம் காட்டும்.